செவ்வாய்க்கிழமைக் கல்லீரல்

அந்தக் கல்லீரல் செவ்வாய்க்கிழமை தோறும் சாகக் கிடந்தது. புதன்கிழமை விடிந்தால் ஒன்றுமே நடக்காதது போல வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

கோகிலவாணிக்கு இது பிடிபடவில்லை. பீளமேட்டில் உள்ள உறுப்புக் காப்பகத்தில் ஊட்டத் திரவம் அவள் பொறுப்பு. கண்ணாடித் தொட்டிகளில் உடம்பில்லாமல் உயிரோடிருக்கும் கல்லீரல்கள், சிறுநீரகங்கள் எல்லாவற்றுக்கும் அவள்தான் சமையல்காரி என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். அவளும் மறுத்ததில்லை. ஓர் உறுப்பைப் பட்டினி போடாமல், திகட்டவும் விடாமல், மாதக்கணக்கில் காப்பாற்றிக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவளுடைய எண்ணம். அது உண்மையும்கூட.

ஒரு காலத்தில் இறந்தவரின் கல்லீரலை எடுத்தால் பொழுது சாய்வதற்குள் இன்னொருவர் வயிற்றில் வைத்தாக வேண்டும். சாலையை மறித்து, சைரன் அலற, ஒரே ஓட்டம். இப்போது அந்த அவசரம் இல்லை. கிணற்றுக்கு மோட்டார் செய்து பழகிய கோயமுத்தூர்க் கைகள், துடிப்பு மாறாமல் திரவத்தைத் தள்ளும் உள்ளங்கை அளவு பம்பு ஒன்றையும் செய்து கொடுத்துவிட்டன. பகலில் திரவத்தின் சூட்டைச் சற்றுக் கூட்டி, இரவில் குறைத்து, உடம்புக்குள் இருப்பதாகவே உறுப்பை நம்ப வைப்பார்கள். நோயாளி தேறி, அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் வரை அது காத்திருக்கும்.

இந்தக் கல்லீரல் காத்திருந்தது நஸீமாவுக்காக. உடுமலைப்பேட்டையில் தையல் கடை வைத்திருந்தவள். நெஞ்சில் ஒரு தொற்று ஆறாமல் அவளைப் பல மாதம் படுக்கையில் போட்டிருந்தது. இப்போதுதான் ஆறியிருந்தது. அவளுடைய ரத்தத்துக்கு ஏற்றபடி திரவத்தைச் சரிசெய்ய வாரந்தோறும் கோகிலவாணி அவளைப் பார்க்கப் போவாள். போகும்போதெல்லாம், கண் மஞ்சளாகிப் படுத்துக் கிடக்கும் அந்தப் பெண், உங்கள் ரவிக்கை தோளில் இறங்குகிறது, கழற்றிக் கொடுத்தால் சரிசெய்து தருகிறேன் என்பாள். அவள் ரத்தத்துக்குப் பொருந்துகிற வேறு கல்லீரல் எந்தத் தொட்டியிலும் இல்லை. அடுத்தது கிடைக்கும் வரை அவள் தாங்க மாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

காப்பகத்தின் விதி எளிமையானது. நல்ல கல்லீரல் திரவத்திலுள்ள அமினோ அமிலங்களை எடுத்துப் புரதம் கட்டிக்கொண்டே இருக்கும். அதனால் திரவத்தில் அவை சீராகக் குறைந்துகொண்டு வரும். அது அழிய ஆரம்பித்தால் கதை தலைகீழாகிவிடும். அதன் சொந்தப் புரதமே உடைந்து, லியூசின், வேலின், அலனைன் என்று அமினோ அமிலங்கள் எல்லாம் திரவத்தில் ஏறும். ஏறினால் சிவப்பு விளக்கு எரியும். மூன்று முறை எரிந்தால் அந்த உறுப்பைக் கழித்துவிட வேண்டும். முன்பெல்லாம் திங்கட்கிழமை காலையில் மட்டும் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். மணிக்கொரு முறை தானாகவே அளக்கும் மீட்டர் இப்போதுதான் வந்திருந்தது. வந்ததும் வராததுமாக ஒரு செவ்வாய் சிவப்பு, அடுத்த செவ்வாயும் சிவப்பு.

காப்பகத்தின் தலைவர் டாக்டர் சேனாபதி, ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், வம்புக்குப் போகாதவர். திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு, நாளைக்கும் எரிந்தால் புதன்கிழமை கூடும் குழுவில் வைத்துக் கழித்துவிட வேண்டியதுதான் என்றார். நஸீமாவிடம் என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து வைக்கச் சொன்னார்.

"சாகற ஈரல் கெழம பாத்துச் சாகாதுங் சார்," என்றாள் கோகிலவாணி.

"வேற என்னங்கற?"

"வெரதம் இருக்குது."

சேனாபதி கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அவள் வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஊடு இடிஞ்சு உழுந்தா ஓடு, செங்கல், ஜன்னல் எல்லாம் ஒண்ணாத்தான் உழும். இங்க அப்பிடி இல்லீங் சார். லியூசினும் வேலினும் ஏறுது, அலனைன் மட்டும் எறங்குது. சாப்பாடு வராத நாள்ல ஈரல் அலனைன வெச்சுத்தான் சக்கரை செய்யும். பாருங்க, திரவத்துல சக்கரை துளிகூடக் கொறையல. ஊட்டுக்காரன் பழைய கட்டில ஒடச்சு அடுப்பெரிக்கிறான், அவ்வளவுதான். ஊடு நல்லாத்தான் நிக்குது."

"சாப்பாடுதான் அது முன்னால நாள் பூரா ஓடுதே. எதுக்குப் பட்டினி கெடக்கோணும்?"

"பழக்கம்."

சேனாபதி சிரிக்கவில்லை. கல்லீரலுக்குப் பகல் எது, இரவு எது, சாப்பாட்டு வேளை எது என்று தெரியும். அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் கிழமை தெரியுமா என்று கேட்டார். இத்தனை மாதம் வெளியே வைத்து, மணிக்கொரு முறை எந்தக் கல்லீரலை நாம் பார்த்திருக்கிறோம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். சாயங்காலம் விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் லியூசின் கோடு தானாகத் திரும்புவதையும் தொட்டுக் காட்டினாள். ஏழரை வாக்கில் கல்லீரல் மறுபடி எடுக்க ஆரம்பிக்கிறது. இரண்டு செவ்வாயும் அதே நேரம்.

இறந்தவர் செவ்வாய் விரதம் இருந்தவர் என்று யாராவது சொன்னால் குழு கேட்கும் என்றார் சேனாபதி. ஆனால் கொடுத்தவர் வீட்டுப் பக்கம் காப்பகத்து ஆட்கள் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று விதி இருந்தது. "நான் உன்னப் போகச் சொல்லல," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். அவர் அப்படிப்பட்டவர்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை உச்சிப் பொழுதில் கோகிலவாணி கணபதியில் இருந்தாள். பட்டறைகளுக்குப் பின்னால் வரிசை வீடுகள். இறந்தவர் பெயர் குழந்தைவேலு. மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிறவர். ஸ்கூட்டரில் போகும்போது லாரி இடித்து, தலையில் அடிபட்டு இறந்தவர். அவர் மனைவி துளசிமணி கதவைத் திறந்தபோது கையில் சோறு ஒட்டியிருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தாள். உள்ளே வரச் சொல்லி, ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று வற்புறுத்தி, அவள் மறுத்ததும் மோராவது குடியுங்கள் என்று டம்ளரை நீட்டினாள்.

தான் யார் என்று கோகிலவாணி சொன்னதும் துளசிமணியின் முகம் மாறியது.

"அப்ப அவியளோடத இன்னும் ஆருக்கும் வெக்கலீங்களா, அம்மிணி?"

இல்லை, தொட்டியில் பத்திரமாக இருக்கிறது என்றாள் கோகிலவாணி. துளசிமணி கையைக் கழுவிவிட்டு வந்து கீழே உட்கார்ந்தாள். கருமாதி முடிந்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டது. படத்துக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. வெளியூரில் வேலை செய்யும் மகளும் அழுது ஓய்ந்து திரும்பிப் போய்விட்டாள். இப்போது வந்து, அவரில் ஒரு பங்கு இன்னும் இதே ஊரில் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் ஒரு பெண்பிள்ளை அதை எங்கே கொண்டு வைப்பாள்? இந்தக் கேள்விக்கு விதிகளை எழுதியவர்களிடமும் விடை கிடையாது. அதனால்தான் போகக் கூடாது என்று எழுதிவைத்திருந்தார்கள்.

கோகிலவாணி சுற்றி வளைக்காமல் கேட்டாள். இந்த வீட்டில் செவ்வாய் விரதம் இருக்கும் பழக்கம் உண்டா?

"இருந்தது நானுங்க. அவிய இல்ல."

மகளுக்குச் சின்ன வயதில் மூளைக் காய்ச்சல் வந்து, பிழைக்காது என்று கைவிரித்துவிட்டார்களாம். மருதமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள் துளசிமணி. பிள்ளை எழுந்து நடந்தது. அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தண்ணீர் தவிர ஒன்றும் தொடுவதில்லை. சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, விளக்கு வைத்த பிறகுதான் சோறு. குழந்தைவேலு என்று முருகன் பெயரை வைத்துக்கொண்டு, அந்த மனிதர் முருகனே கிடையாது என்று ஊரெல்லாம் கூட்டம் போட்டுப் பேசியவர்.

"வெரதமா? அவியளா? செவ்வாயானா வேணும்னே பிரியாணி திம்பாங்க, அம்மிணி. சட்டையெல்லாம் அந்த வாசத்தோட வந்து நிப்பாங்க. குளிச்சாத்தான் உள்ள உடுவேன்னு நான் கத்துவேன். அத்தோட உட்டாங்களா? ராத்திரி நான் சோத்துக்கு உக்காந்தா, பக்கத்துல உக்காந்து ரெண்டாவது தடவையும் திம்பாங்க. சாகற வரைக்கும் இதே சண்டைதான் எங்களுக்கு. இப்பவும் செவ்வாயானா படத்தப் பாத்துத் திட்டிட்டுத்தான் இருக்கறேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அது கோகிலவாணிக்குத் தெளிவாகத் தெரிந்தது. விரதம் இல்லையென்றால் அது சாவுதான். தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் இருந்த நம்பிக்கையில் ஒருவேளை கெட்டுப்போன கல்லீரலை நஸீமாவுக்குள் வைக்கப் பார்த்தோமோ என்று தோன்றியது.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன்னை நம்பவில்லை என்று எண்ணிக்கொண்ட துளசிமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேணும்னா பட்டறைல போயிக் கேளுங்க. கூட உக்காந்து தின்னவிய அங்கதான் இருக்காங்க," என்றாள்.

பட்டறையில் நடராசு என்று ஒருவர். குழந்தைவேலுவுக்கு அடுத்த மேசையில் வருடக்கணக்காகக் காயில் கட்டியவர். கேள்வியைக் கேட்டதும், காப்பகத்துத் தொட்டியின் பம்பு மோட்டார் சூடாகிறதா என்றுதான் முதலில் விசாரித்தார். அந்தச் சின்ன மோட்டாருக்குக் காயில் இவர்கள் பட்டறையில் கட்டியதாம். சூடாகவில்லை என்று அவள் சொன்னதும் ஒரு பெருமூச்சு விட்டு, செவ்வாய்க்கிழமை பிரியாணியைப் பற்றி அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டார். துளசிமணி என்றதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"சத்தியம் வாங்கியிருக்காருங், டாக்டரம்மா."

சத்தியத்தைக் காப்பாற்றினால் ஒரு பெண் செத்துப்போவாள் என்று கோகிலவாணி சொன்னாள். உடுமலைப்பேட்டைத் தையல்காரியைப் பற்றி, ரவிக்கைத் தோளைப் பற்றிக்கூடச் சொன்னாள். நடராசு கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"செவ்வாயானா எங்களுக்கெல்லாம் பிரியாணி அவரு வாங்கியாருவாரு. எங்க கூடவே உக்காருவாரு. அவரு பொட்டலத்தப் பிரிச்சு, அப்பிடியே எந்தட்டுல கொட்டிருவாரு. ஒரு பருக்கை வாயில வெச்சு நான் பாத்ததில்லீங். தண்ணியக் குடிச்சுக்குவாரு. ஊட்டுக்குப் போறப்ப அந்த எலையத் தொடச்சுக் கையில, சட்டையில எல்லாம் தடவிக்குவாரு."

"சாமிக்காகவா?"

"சாமி இல்லைன்னு கடைசி வரைக்கும் சொன்ன ஆளுங் அவரு. 'எம் புள்ளைக்காக அவ வெறும் வவுத்தோட அடுப்படில நிக்கறா, எனக்கு எப்பிடிடா தொண்டையில எறங்கும்'னாரு. சொல்லிட்டா என்னன்னு கேட்டேன். 'முருகன் உங்கள வழிக்குக் கொண்டாந்துட்டான்னு சிரிப்பா, அதெல்லாம் ஆகாது'ன்னுட்டாரு."

பிடிவாதக்கார மனிதர். கோகிலவாணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சிவப்பு விளக்கு மூன்றாவது முறை எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் அவள் அங்கே காயில் சுருள்களுக்கு நடுவே நின்று, யாரென்றே தெரியாத ஒரு மனிதரை மனதாரப் பாராட்டினாள்.

நடராசு புதன்கிழமை குழுவின் முன்னால் வந்து நின்று சொன்னதையே திரும்பச் சொன்னார். கோகிலவாணி வரைபடத்தைப் போட்டுக் காட்டி, அன்றைக்கும் ஏழரை வாக்கில் கோடு திரும்பியதைச் சுட்டிக்காட்டினாள். குழுவில் இருவர் முணுமுணுத்தார்கள். அலனைன் இறங்கியதற்கு அவர்களிடம் வேறு விளக்கம் இல்லை. கடைசியில் கல்லீரல் தப்பித்தது. விதியை மீறிக் கொடுத்தவர் வீட்டுக்குப் போனதற்காக அவளுக்கு ஒரு மெமோ வந்தது. அதில் கையெழுத்திட்டுக் கொடுத்த சேனாபதியே, நீ போகாமலிருந்தால்தான் கோபப்பட்டிருப்பேன் என்றும் சொன்னார். அறுவை சிகிச்சை அடுத்த புதன்கிழமை என்று முடிவானது.

நஸீமாவிடம் மறைக்க முடியாது. வைக்கப்போகும் கல்லீரலுக்கு வாரத்தில் ஒரு நாள் சாப்பாடு வேண்டாம் என்ற பழக்கம் உண்டு, அது போகுமோ போகாதோ தெரியாது என்று கோகிலவாணி விளக்கினாள். நஸீமா மஞ்சள் கண்ணோடு சிரித்தாள். "நோன்பு தெரிஞ்ச ஈரல்தானே டாக்டரம்மா? எங்க வீட்ல அதுக்கு ஒரு கஷ்டமும் வராது," என்றாள்.

மிச்சம் ஒன்று இருந்தது. துளசிமணிக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? சேனாபதி வேண்டாம் என்றார். இவ்வளவு பாடுபட்டு ஒரு மனிதர் மறைத்ததை அவர் செத்த பிறகு மீட்டர் வைத்துக் கண்டுபிடித்தது நாம். அதை ஊருக்குச் சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாளைக்கு எல்லாத் தொட்டியிலும் இந்த மீட்டர் வரும். யார் குடித்தார், யார் குடித்ததாகப் பொய் சொன்னார், யார் யாருக்காகப் பட்டினி கிடந்தார் என்று ஒவ்வொரு உறுப்பும் சாட்சி சொல்ல ஆரம்பித்தால் குடும்பங்கள் தாங்குமா? கோகிலவாணி இரண்டு நாள் யோசித்தாள். ஆனால் படத்தைப் பார்த்துத் திட்டுகிறேன் என்று அந்த அம்மாள் சொன்னது அவள் காதைவிட்டுப் போகவில்லை. தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும் என்று கிளம்பிவிட்டாள்.

நடராசு சொன்னதை அவள் சொல்லி முடித்ததும், "பொய்யன்," என்றாள் துளசிமணி. கோபத்தோடுதான் சொன்னாள். எழுந்து போய்ப் படத்தின் முன்னால் நின்று இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மிணி, நீங்க அன்னைக்கு வந்தப்ப நான் சாப்பிட்டுட்டு இருந்தனே, அது செவ்வாக்கெழமதானுங்க."

கோகிலவாணிக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் சோற்றோடு கதவைத் திறந்ததை அவள் பார்த்திருக்கிறாள். வரைபடத்தில் ஒரு கோடு விடாமல் படிக்கிறவள், அதைப் படிக்கவில்லை.

"அவிய போன அன்னைக்கே வெரதத்த உட்டுட்டனுங்க. இத்தன வருசம் பட்டினி கெடந்ததுக்கு முருகன் எனக்கு இதையா குடுத்தான்னு ஆத்தரம். அதுக்கப்பறம் எத்தன செவ்வாய் வவுறு நெறையத் தின்னிருக்கறேன். அவிய அங்க எனக்குத் தொணையா..."

கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே ஏதோ பட்டறையில் மோட்டாரைப் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

துளசிமணி நிமிர்ந்து கேட்டாள். "அதுகிட்டச் சொல்ல முடியாதுங்களா? நான் உட்டுட்டேன், நீங்களும் சாப்பிடுங்கன்னு?"

அதற்குக் காது கிடையாது அக்கா என்று மெதுவாகச் சொன்னாள் கோகிலவாணி.

துளசிமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புதன்கிழமை அது வேறொருவருக்குப் போய்விடும், அதற்கு முன்னால் ஒரு செவ்வாய் பாக்கி இருக்கிறது, அன்றைக்குத் தான் விரதம் இருக்கப்போவதாகச் சொன்னாள். முருகனுக்கா என்று கோகிலவாணி கேட்கவில்லை. சாயங்காலம் அது சாப்பிட ஆரம்பித்ததும் தனக்கு ஒரு போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று மட்டும் துளசிமணி கேட்டுக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் லியூசின் ஏறியது, அலனைன் இறங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த முறை யாரும் பதறவில்லை. வேலை நேரம் முடிந்தும் கோகிலவாணி வீட்டுக்குப் போகாமல் தொட்டியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மத்தியானம் அவளும் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. சேனாபதி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏழரை வாக்கில் லியூசின் கோடு தயங்கி, வளைந்து, கீழ்நோக்கித் திரும்பியது. அவள் போனை எடுத்தாள். ஒரே மணியில் துளசிமணி எடுத்துவிட்டாள்.

"ஆரம்பிச்சாச்சுங்கக்கா."

அந்தப் பக்கம் தட்டை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. "ரசந்தான் வெச்சேன். ராத்திரிக்கு அவியளுக்கு ரசம் இருந்தாப் போதும்," என்றாள் துளசிமணி. பிறகு, "நான் தின்னு முடிக்கற வரைக்கும் போன வெச்சுராதீங்க, அம்மிணி," என்றாள்.

வைக்க மாட்டேன் என்றாள் கோகிலவாணி. காது கிடையாது என்று சொன்னவளும் அவள்தான். ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தாள்.